சாவிக் கொத்தைக் கொடுத்த பிறகு

ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் ஆயர் இல்லத்திலிருந்து குருக்களுக்கு மாற்றல் கடிதங்கள் வருவது வழக்கம். கடிதம் கிடைத்த சில நாட்களில் பழைய பங்குத் தந்தை புதியவரிடம் பொறுப்பை ஒப்படைப்பார். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறந்தோர் பதிவேடு, கணக்குப் புத்தகம் ஆகியவை மேசை மீது அடுக்கி வைக்கப்படும். இருவரும் கையொப்பமிடுவர். கடைசியாகக் கோயில் சாவிக் கொத்தும், நற்கருணைப் பேழையின் சிறு சாவியும் கைமாறும். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், எட்டாண்டுகள் பணியாற்றிய ஒரு பங்கிலிருந்து நாம் மாற்றப்பட்டோம். புதிய பங்கு 20 கிலோமீட்டர் தொலைவுதான். ஞாயிறு மாலை தோறும் பழைய பங்கின் மக்கள் இரண்டு பேர், மூன்று பேராகப் பேருந்தில் வந்து இறங்குவார்கள். கையில் வாழைப்பழச் சீப்பு இருக்கும். நெஞ்சில் ஒரு குறை இருக்கும். "சாமி, நீங்கள் இருந்தபோது ஆறு மணிக்குப் பூசை, இப்போது ஏழு மணியாக்கிவிட்டார்." "சாமி, நீங்கள் வைத்த பாடகர் குழுவை இடம் மாற்றிவிட்டார்." புதிய தந்தையைப் பற்றி நாம் ஒரு குறையும் சொன்னதில்லை. அதில் நமக்கு ஒரு பெருமை கூட இருந்தது. ஆனால் அவர்கள் சொல்லி முடித்ததும் நாம் தவறாமல் ஒரு கேள்வி கேட்போம்: "அப்படியா? வேறு என்ன செய்தார்?"

ஒரு நாள் அப்பங்கின் வயது முதிர்ந்த உபதேசியார் வந்திருந்தார். மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு மெல்லச் சொன்னார்: "சாமி, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் கேட்கிற வரைக்கும் எங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்."

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சாவிக் கொத்தைக் கொடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. ஆயினும் அந்தப் பங்கை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பதவியை விடுவது ஒரு நாள் வேலை. செல்வாக்கை விடுவதோ அதற்குப் பின் வரும் எல்லா நாட்களின் வேலை. சிறியதொரு பங்கை விடவே நமக்கு இவ்வளவு கடினமாக இருந்தது என்றால், பேரரசுகளையும் நாடுகளையும் ஆண்டவர்கள் எவ்வாறு விட்டார்கள்? அதன்பின் இக்கேள்வியோடு நாம் வரலாற்று நூல்களைப் புரட்டத் தொடங்கினோம். கண்டவற்றுள் சிலவற்றை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முடியை விட்டவர், எழுதுகோலை விடவில்லை

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஐந்தாம் சார்லஸ் பேரரசருக்கு நிகரான வேந்தர் இல்லை எனலாம். 1500-ஆம் ஆண்டில் பிறந்த அவர் ஸ்பெயின், நெதர்லாந்து, நேப்பிள்ஸ், சிசிலி ஆகிய நாடுகளுக்கும், கடல் கடந்த அமெரிக்க நிலங்களுக்கும் தலைவர். 1519 முதல் புனித ரோமைப் பேரரசர். இத்தகைய மனிதர் 1555-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், பிரசல்சு நகர அரண்மனை மண்டபத்தில் தம் மகன் பிலிப்பிடம் நெதர்லாந்தின் ஆட்சியை ஒப்படைத்தார். மூட்டுவாத நோயால் நிற்க இயலாமல், ஓர் இளம் பிரபுவின் தோளைப் பற்றியபடி உள்ளே வந்தார். தம் வாழ்நாளில் மேற்கொண்ட பயணங்களை எண்ணிச் சொன்னார்: செர்மனிக்கு ஒன்பது முறை, இத்தாலிக்கு ஏழு முறை, ஆப்பிரிக்காவுக்கு இரண்டு முறை என்று அப்பட்டியல் நீண்டது. தம்மால் எவருக்கேனும் அநீதி நேர்ந்திருப்பின் மன்னிக்க வேண்டினார். அவர் கண்ணீர் சிந்தினார், கூடியிருந்தவர்களும் அழுதார்கள். அடுத்த சனவரியில் ஸ்பெயினின் முடியையும் மகனுக்கே அளித்தார். பேரரசர் பட்டத்தைத் தம் தம்பி பெர்டினாந்துக்கு விட்டுக்கொடுத்தார்.

பிறகு அவர் ஸ்பெயினின் மேற்குப் பகுதியில், யூஸ்தே என்னும் சிற்றூரிலுள்ள ஜெரோம் சபைத் துறவிகளின் மடத்தை நாடிச் சென்றார். மடத்துக் கோயிலை ஒட்டி அவருக்கு ஒரு வீடு கட்டப்பட்டது. படுக்கையில் கிடந்தபடியே பீடத்தைக் காணும் வகையில் அவ்வீட்டின் படுக்கையறை அமைந்தது. 1557 பிப்ரவரியில் அங்கே குடியேறினார். கடிகாரங்கள் மீது அவருக்குத் தனி ஆசை. கைதேர்ந்த கடிகாரத் தொழிலாளி ஒருவரையும் தம்முடன் வைத்துக்கொண்டார். செபம், திருப்பலி, கடிகாரங்கள், தோட்டம் என்று அமைதியாக அவரது கடைசிக் காலம் கழிந்தது என்றே பலரும் எண்ணுவர்.

ஆனால் அந்த மடத்து வாசலில் தூதர்களின் குதிரைகள் வந்து நின்ற வண்ணமே இருந்தன. மகன் வெளிநாட்டில் போரில் இருந்தமையால், மகள் யுவானா வல்லதோலிதில் இருந்து ஸ்பெயினை நிர்வகித்து வந்தார். அவருக்குத் தந்தையிடமிருந்து கடிதத்தின் மேல் கடிதம் போயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளியைச் செவில் நகர அதிகாரிகள் வணிகர் கைக்குப் போகவிட்டனர் என்று கேள்விப்பட்டபோது, அவர்களைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று சினந்து எழுதினார். 1558-இல் வல்லதோலிதில் சிலர் மாற்றுக் கொள்கையைப் பரப்புவதாகச் செய்தி வந்ததும், இரக்கம் காட்டலாகாது என்று மகளையும் மகனையும் நெருக்கினார்.

குற்றம் முழுவதையும் அவர் மீது சுமத்துவதும் நீதியாகாது. 1557-இல் மன்னன் பிலிப்பே தம் நம்பிக்கைக்குரிய ஒருவரை யூஸ்தேக்கு அனுப்பி, மீண்டும் வெளியே வந்து ஆட்சிப் பொறுப்பில் பங்கேற்குமாறு தந்தையை வேண்டினார். சார்லஸ் மடத்தை விட்டு வர மறுத்தார். ஆனால் போருக்குப் பணம் திரட்ட உதவினார். விட்டு விலகுபவரின் கையை விடாமல் பற்றி இழுப்பவர்களும் உண்டு என்பதற்கு இது சான்று.

1558 செப்டம்பர் 21-ஆம் நாள் அவர் இறந்தார். முன்னரே மறைந்த தம் துணைவி இசபெல்லா இறக்கும்போது பற்றியிருந்த பாடுபட்ட சுரூபத்தையே அவரும் கையில் பற்றியிருந்தார். அவரது துறவு போலியானது என்று எவரும் சொல்ல முடியாது. தலையிலிருந்த முடி இறங்கியது உண்மையே. கையிலிருந்த எழுதுகோல்தான் இறங்க மறுத்தது.

ஒரே மனிதர், இரண்டு விலகல்கள்

பிரான்சு நாட்டின் தளபதி சார்லஸ் தெகோல் இரு முறை பதவியை விட்டு விலகியவர். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை நமக்கு நல்ல பாடம்.

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற நாட்டுக்கு நம்பிக்கையூட்டி, விடுதலைக்குப் பின் இடைக்கால அரசுக்குத் தலைமை ஏற்றவர் அவர். கட்சிகளோடு ஒத்துப்போக இயலாமல் 1946 சனவரி 20-ஆம் நாள் பதவி விலகினார். ஆனால் நாடு விரைவில் தம்மை மீண்டும் அழைக்கும் என்ற எதிர்பார்ப்பு அவ்விலகலுக்குள் ஒளிந்திருந்தது. அழைப்பு வரவில்லை. 1947-இல் தாமே ஓர் அரசியல் இயக்கத்தைத் தொடங்கினார்; அதுவும் அவரை ஆட்சியில் அமர்த்தவில்லை. 12 ஆண்டுகள் காத்திருந்த பின்னரே, அல்சீரிய நெருக்கடியின்போது, 1958-இல் அவர் ஆட்சிக்குத் திரும்பினார். முதல் விலகல் உண்மையில் விலகலே அன்று. கதவைத் தாழிடாமல் வெளியே வந்து, யார் கூப்பிடுவார்கள் என்று காது கொடுத்து நிற்றல் அது.

இரண்டாம் விலகல் முற்றிலும் வேறு. 1969 ஏப்ரல் 27-ஆம் நாள், மண்டல நிர்வாகத்தையும் மேலவையையும் சீர்திருத்தும் திட்டத்தை அவர் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார். தோற்றால் விலகிவிடுவதாக முன்னரே அறிவித்திருந்தார். நூற்றுக்கு 52 பேருக்கு மேல் வேண்டாம் என்று வாக்களித்தனர். அவருக்கு இன்னும் மூன்றாண்டுகளுக்கு மேல் பதவிக் காலம் இருந்தது. சட்டம் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆயினும் நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் இரண்டே வாக்கியங்களில் அறிக்கை வெளிவந்தது: குடியரசுத் தலைவர் பணியிலிருந்து விலகுகிறார், அம்முடிவு அன்று நண்பகல் முதல் நடைமுறைக்கு வருகிறது. அதில் விளக்கமும் இல்லை. எவரையும் குறை கூறலும் இல்லை.

அதன்பின் அவர் செய்ததே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க நாடு தேர்தலில் இறங்கிய வாரங்களில், தாம் அருகில் இருந்தால் தம் சொல்லும் மௌனமும் கூட ஒரு பக்கமாகக் கொள்ளப்படும் என்பதை உணர்ந்து, மனைவியுடன் அயர்லாந்துக்குச் சென்றுவிட்டார். தேர்தல் முடிந்து, அவரிடம் முன்னர்ப் பிரதமராக இருந்த பொம்பிடு வெற்றி பெற்ற பிறகே திரும்பினார். கொலொம்பே என்னும் சிற்றூரிலிருந்த தம் வீட்டில் அமர்ந்து, கடந்த கால நினைவுகளை எழுதினார். நிகழ்கால ஆட்சியைப் பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனம் புண்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்புண்ணைக் காட்டி ஒரு கூட்டம் சேர்க்கவில்லை.

1970 நவம்பர் 9-ஆம் நாள் மாலை அவர் தம் வீட்டில் காலமானார். அரச மரியாதைகள் எவையும் இன்றித் தம்மை ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று 1952-லேயே எழுதி வைத்திருந்தார். அங்கே அவருக்கு முன்பே ஒருவர் துயின்றுகொண்டிருந்தார்: மனவளர்ச்சிக் குறைவோடு பிறந்து, 1948-இல் 20 வயதில் மறைந்த அவருடைய மகள் ஆன். தளபதி என்றோ தலைவர் என்றோ அறியாமல், அப்பா என்று மட்டுமே தம்மை அறிந்திருந்த அம்மகளின் அருகில் அவர் இடம் தேடிக்கொண்டார். பதவி போன பின்னும் போகாத உறவு ஒன்று உள்ளவர்க்கே பதவியை விடுவது எளிதாகிறது போலும்.

பேதுருவின் இருக்கையை விட்டு இறங்கிய இருவர்

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. 1292-இல் நான்காம் நிக்கோலாஸ் பாப்பரசர் இறந்த பின், கர்தினால்மார் 27 மாதங்கள் ஒருமனப்பட இயலாமல் தவித்தனர். முடிவில் 1294 சூலை 5-ஆம் நாள், மலைக் குகையில் தவம் செய்துகொண்டிருந்த பீட்டர் என்னும் முதிய துறவியைத் தேர்ந்தெடுத்தனர். ஐந்தாம் செலஸ்தீன் என்ற பெயரோடு அவர் லாக்குவிலா நகரில் முடிசூட்டப்பெற்றார். நிர்வாகம் அவருக்குப் பழக்கமில்லை; நேப்பிள்ஸ் மன்னனின் பிடிக்குள் அகப்பட்டார். தம்மால் திருச்சபைக்குத் தீங்கு நேர்கிறது என்று கண்டு, அதே ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் பதவியைத் துறந்தார். அவருடைய ஆட்சி ஐந்து மாதங்களுக்குச் சற்றே மேல்.

குகைக்குத் திரும்பலாம் என்று அவர் நம்பினார். ஆனால் அடுத்து வந்த எட்டாம் பொனிப்பாஸ் அஞ்சினார்: பழையவர் பெயரைச் சொல்லிப் பகைவர்கள் பிளவை உண்டாக்கினால்? எனவே முதியவரைப் பிடித்து வரச் செய்து பூமோனே கோட்டையில் அடைத்து வைத்தார். 1296 மே 19-ஆம் நாள் செலஸ்தீன் அங்கேயே உயிர் நீத்தார். 1313-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. விட்டு விலகியவரிடம் குற்றமில்லை; வந்தவரின் அச்சமும், இருவருக்கும் இடையில் நின்று குழப்பம் விளைவிக்கக் கூடியவர்களும்தான் அவரைச் சிறைக்குள் தள்ளினர்.

அதற்கு 700 ஆண்டுகளுக்குப் பின், 2009 ஏப்ரலில் லாக்குவிலா நகரை நிலநடுக்கம் தாக்கியது. ஆறுதல் கூறச் சென்ற திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர், செலஸ்தீனின் உடல் இருந்த பேழை மீது தம் பாலியம் என்னும் தோள் பட்டையை வைத்து விட்டுவந்தார். அதன் பொருள் அன்று பலருக்கும் புலப்படவில்லை. 2013 பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளில், கர்தினால்மார் முன்னிலையில் அவர் இலத்தீன் மொழியில் சிறியதோர் அறிவிப்பை வாசித்தார். வயது முதிர்வால் இப்பணிக்கு வேண்டிய வலிமை தம்மிடம் குறைந்துவிட்டது என்பதே அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 85. 1415-இல் பன்னிரண்டாம் கிரகோரி விலகிய பின், பாப்பரசர் ஒருவர் பதவி துறந்தது அதுவே முதல் முறை.

பிப்ரவரி 28-ஆம் நாள் காலையில் கர்தினால்மாரிடம் விடைபெற்றபோது, அவர்களுள் ஒருவர் வரப்போகும் திருத்தந்தை என்பதைச் சுட்டி, அவர் யாராயினும் அவருக்குத் தாம் முழு வணக்கமும் கீழ்ப்படிதலும் அளிப்பதாக வாக்களித்தார். இன்னார் என்று தெரியாத ஒருவருக்குக் கீழ்ப்படிவதாகச் சொல்வதில் எவ்வளவு தாழ்மை வேண்டும்! நமக்குப் பிடித்தவர் நம் இடத்துக்கு வரவேண்டும் என்று விரும்புவதன்றோ மனித இயல்பு?

அன்று இரவு எட்டு மணிக்கு அவரது ஆட்சி நிறைவுற்றது. சில வாரங்களுக்குப் பின் அவர் வத்திக்கான் தோட்டத்திலுள்ள 'திருச்சபையின் அன்னை' மடத்துக்கு வந்து தங்கினார். ஆண்டது எட்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஓய்ந்திருந்தது பத்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஆண்ட காலத்தைவிட ஓய்ந்திருந்த காலமே நீண்டது. திருத்தந்தை பிரான்சிசின் வழிமுறைகள் பிடிக்காத சிலர் அந்த மடத்தின் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தனர். பெரும்பாலும் அவர் செபத்திலும் படிப்பிலும் அடங்கியிருந்தார். முற்றிலும் தவறு நேரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2020 சனவரியில் குருக்களின் மணத்துறவு பற்றி வெளிவந்த ஒரு நூலில் அவர் பெயர் இணை ஆசிரியராக இடப்பட்டபோது, பெரும் சலசலப்பு எழுந்தது. அவர் தம் பெயரை அவ்விடத்திலிருந்து நீக்கிவிடச் சொன்னார். அறிஞரும் செபத்தின் மனிதருமான அவருக்கே இத்தகைய சோதனை வந்தது என்றால், மற்றவர்கள் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

வந்தவரும் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். ஞானமுள்ள பாட்டனார் வீட்டில் இருப்பதைப் போன்றது அவர் அருகில் இருப்பது என்ற கருத்தில் பிரான்சிஸ் பேசியதுண்டு. 2022 டிசம்பர் 31-ஆம் நாள் ஆசீர்வாதப்பர் தம் 95-ஆம் வயதில் இறந்தார். அவரது அடக்கத் திருப்பலியைத் திருத்தந்தை பிரான்சிசே தலைமை தாங்கி நிறைவேற்றினார். பூமோனே கோட்டையையும் இத்தோட்டத்து மடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலகுபவர், வருபவர் ஆகிய இருவரின் மனமும் சேர்ந்தே இக்காரியத்தை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்குகிறது என்பது விளங்கும்.

ஏன் இவ்வளவு கடினம்?

அதிகாரம் மட்டும் போவதாயின் பலரும் அதை எளிதில் தாங்கிக்கொள்வர். சுமை இறங்கியது என்று மகிழவும் செய்வர். உண்மையில் வலிப்பது வேறு. நேற்றுவரை நம் சொல்லுக்காகக் காத்திருந்தவர்கள் இன்று காத்திருக்கவில்லை. நாம் இல்லாமலும் காரியம் நடக்கிறது. சில வேளைகளில் முன்னைவிட நன்றாகவே நடக்கிறது. "அப்படியானால் இத்தனை காலம் நாம் யார்?" என்ற கேள்வி நெஞ்சைக் குடைகிறது. இக்கேள்விக்கு அஞ்சித்தான் பலர் நாற்காலியை விட்ட பின்னும் அதன் கைப்பிடியை விடுவதில்லை.

விவிலியத்தில் இருவரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சவுல் மன்னன், பெண்கள் தாவீதைத் தன்னைவிட உயர்த்திப் பாடக் கேட்ட நாள் முதல் நிம்மதி இழந்தான். தனக்கு யாழ் வாசித்த அந்த இளைஞன் மீதே ஈட்டியை எறிந்தான். எஞ்சிய வாழ்நாளைத் தன் நாட்டை ஆள்வதில் செலவிடாமல், அடுத்து வருபவனைத் துரத்துவதில் செலவிட்டான். சாமுவேலோ, மக்கள் தம்மை விட்டு ஓர் அரசனைக் கேட்டபோது மனம் நொந்தார். அந்த நோவை மக்களிடம் கொட்டாமல் ஆண்டவரிடம் கொண்டுபோனார். பின்னர் எல்லார் முன்னும் நின்று, தாம் எவருடைய மாட்டையாவது பறித்ததுண்டா என்று கேட்டுக் கணக்கை ஒப்படைத்தார். தம்மை ஒதுக்கிய அந்த மக்களுக்காகவே தொடர்ந்து மன்றாடுவதாகவும் உறுதியளித்தார். கணக்கை ஒப்படைத்தல், மன்றாடுதல் ஆகிய இரண்டும் விலகிச் செல்பவனின் கடமைகள். இவ்விரண்டுக்கு அப்பால் செய்வதெல்லாம் பெரும்பாலும் தலையீடே.

மனித மனம் தானாக விடாது என்பதைத் திருச்சபையும் அறிந்துள்ளது. எனவேதான் சங்கத்துக்குப் பின், 75 வயது நிறைந்த ஆயர்களும் பங்குத் தந்தையரும் பதவி விலகல் கடிதம் அளிக்குமாறு கேட்கப்படுகின்றனர். 80 வயது நிறைந்த கர்தினால்மார் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை இழப்பர் என்று ஆறாம் சின்னப்பர் 1970-இல் விதித்தார். 2018 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் இப்பொருள் பற்றி வெளியிட்ட மடலின் தலைப்பே 'விடைபெறக் கற்றல்' என்பது. கற்க வேண்டிய ஒன்று என்று அத்தலைப்பு சொல்கிறது; தானே வந்துவிடாது என்பது அதன் மறுபக்கம்.

நம் இல்லங்களிலும்

பேரரசர்களும் திருத்தந்தையரும் நமக்கு எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் என்று வாசகர்கள் இக்கட்டுரையை ஒதுக்கிவிட வேண்டாம். நம் வீடுகளில் யூஸ்தே மடங்கள் எத்தனையோ உள்ளன.

கடையை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் தந்தை. ஆனால் காலை பத்து மணிக்குத் தவறாமல் வந்து கல்லாப் பெட்டிக்கு அருகில் நாற்காலி போட்டு அமர்கிறார். மகன் விலை சொன்னதும் வாடிக்கையாளர் தந்தையின் முகத்தைப் பார்க்கிறார். தந்தை ஒன்றும் பேசுவதில்லை. புருவத்தை மட்டும் சற்று உயர்த்துகிறார். அன்று மகன் கடைக்கு முதலாளி அல்லன்.

மருமகள் வந்த வீட்டில் மாமியார் பீரோச் சாவியைக் கொடுத்துவிட்டார். எனினும் குழம்பு கொதிக்கும்போது கரண்டியை எடுத்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சுவைத்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறார். அந்தச் சிட்டிகை உப்பு போதும், ஒரு குடும்பத்தின் அமைதி கரைந்துபோவதற்கு.

பங்குப் பேரவையிலும் பக்த சபைகளிலும் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர், புதியவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுகிறார். அல்லது கூட்டம் முடிந்த பின் கோயில் முற்றத்து மரத்தடியில் வேறொரு கூட்டம் நடத்துகிறார். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு மூலையில் கிடக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவர்களுடைய பட்டறிவு வீட்டுக்கும் பங்குக்கும் வேண்டும். கேட்கும்போது சொல்வது அறிவுரை. கேளாதபோது சொல்வது ஆட்சி. இந்த வேற்றுமையை உணர்ந்த முதியவரிடம் இளையோர் தாமாகவே கேட்க வருவர். இளையோர்க்கும் ஒரு சொல்: பொனிப்பாசைப் போல அஞ்சி, பெரியவர்களைப் பூட்டி வைக்காதீர்கள். பழைய பூசைப் புத்தகத்தையும் பழைய நாற்காலியையும் அகற்றுவதில் காட்டும் அவசரத்தை, பழையவர் நட்ட மரங்களுக்கு நீர் ஊற்றுவதில் காட்டுங்கள். இருவருக்கும் இடையே செய்தி சுமப்பவர்களே, வாழைப்பழத்தை மட்டும் சுமந்து வாருங்கள். குறைகளை உரியவரிடம் சொல்லுங்கள்.

அந்த ஞாயிறு மாலை

உபதேசியார் வந்து சென்ற அடுத்த ஞாயிறு முதல் நாம் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். குறையோடு வருபவர்களிடம், "இது உங்கள் பங்குத் தந்தைக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்போம். தெரியாது என்பார்கள். "அவரிடம் சொல்லுங்கள், நான் உங்களுக்காகவும் அவருக்காகவும் செபிக்கிறேன்" என்போம். சிலர் முகம் வாடிப் போனார்கள். "சாமி மாறிவிட்டார்" என்று சிலர் சொன்னதாகவும் காதில் விழுந்தது. புதிய தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஓராண்டாக அவருக்கு நாம் செய்த தீங்கை அதில் ஒப்புக்கொண்டோம். பதிலாக அவர் அவ்வாண்டுத் திருவிழாவுக்கு அழைப்பு அனுப்பினார். நாம் சென்று, அவர் பூசை வைக்க, மற்றக் குருக்களோடு பக்கத்தில் நின்றோம். பூசை ஏழு மணிக்குத்தான் தொடங்கியது. தொலைவிலுள்ள கிளைக் கிராமத்து மக்கள் அதனால் நேரத்துக்கு வந்து சேர முடிந்ததை நாமே கண்டோம். எட்டாண்டுகளில் நமக்கு அது தோன்றியிருக்கவில்லை.

வருவோர் மெல்லக் குறைந்தனர். ஒரு ஞாயிறு மாலை வராந்தாவில் நாற்காலிகள் போட்டபடியே இருந்தன. கடைசிப் பேருந்தும் வந்து போயிற்று, எவரும் இறங்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், அப்போது நெஞ்சில் ஒரு வெறுமை தோன்றியது. கண்களும் சிறிது கலங்கின. உள்ளே சென்று கட்டளைச் செபப் புத்தகத்தை எடுத்துவந்து, அந்தப் பங்கின் குடும்பங்களை வீதி வீதியாக நினைவில் கொண்டுவந்து ஆண்டவரிடம் ஒப்படைத்தோம். கடைசியாக அவர்களுடைய பங்குத் தந்தையின் பெயரையும் சொன்னோம்.

ஸ்நாபக அருளப்பர், தாம் சிறுத்துப்போவதையும் வந்தவர் வளர்வதையும் மகிழ்ச்சி என்று எண்ணினார். அந்த மகிழ்ச்சி நமக்கு முழுமையாக வந்துவிட்டது என்று சொல்லும் துணிவு இல்லை. ஆனால் சாவிக் கொத்தை நாம் அன்றுதான் கொடுத்தோம்.